அந்தி நேரத்தில் வீறிட்டு அழும் பிள்ளை: பதறாமல் பார்ப்போம்



நான்கு மாதத்துக்கு முன் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல் முடிந்து, தவணை கட்டி, நோட்டில் வரவு வைத்தாகிவிட்டது. "உள்கடன் யாருக்காச்சும் வேணுமா?" என்று ஊக்குநர் கேட்டார். பின்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஓர் உறுப்பினர் மெதுவாக, "எனக்கு மூவாயிரம் வேணும்க்கா" என்றார்.

"எதுக்குத் தங்கச்சி?"

"பிள்ளைக்குத்தான். வௌக்கு வைக்கிற நேரம் வந்தா வீறிட ஆரம்பிக்குது. ராத்திரி பத்து மணி வரைக்கும் நிறுத்தறதில்ல. தொக்கம் எடுத்தாச்சு, மந்திரிச்சாச்சு, சொட்டு மருந்தும் வாங்கி ஊத்தியாச்சு. என் பால்தான் ஒத்துக்கலைன்னு மாமியார் சொல்றாங்க. டப்பா பால் வாங்கணும். டவுன்ல பெரிய டாக்டரையும் பார்க்கணும்."

குழந்தைக்கு அப்போது ஐந்தரை வாரம். அதுவரை கைமாற்று வாங்கியே ஆயிரத்து எண்ணூறு ரூபாய் செலவாகியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் அவர் எங்களிடம் தனியாக வந்தார். "மேடம், முந்தாநாள் ராத்திரி அழுகைய தாங்க முடியல. அப்படியே ரெண்டு கையிலயும் பிடிச்சு உலுக்கிடலாமான்னு வந்துருச்சு. பயந்துபோய் பாயில போட்டுட்டு வாசல்ல போய் நின்னு அழுதேன். நானெல்லாம் ஒரு தாயா?" என்று கேட்டார்.

"நீங்க பாயில போட்டுட்டு வெளிய போனீங்களே, அதுதான் சரி. அதுதான் உங்க பிள்ளையக் காப்பாத்துச்சு" என்று சொன்னோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. "என் பேரு மட்டும் வேணாம், மத்தபடி எழுதுங்க. நாலு பேருக்கு உதவட்டும்" என்று அவரே சொன்னதால் எழுதுகிறோம்.

இது என்ன அழுகை?

ஊரில் இதற்குப் பல பெயர். "குடல் ஏறியிருக்கு" என்பார்கள். "தோஷம் தட்டியிருக்கு", "கண்ணு பட்டிருக்கு" என்பார்கள். டாக்டர்கள் "கோலிக்" என்று சொல்வார்கள்.

பால் நன்றாகக் குடிக்கிற, எடை ஏறுகிற, வேறு நோய் இல்லாத பிள்ளை, காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் அழுவதுதான் கோலிக். முகம் சிவக்கும். கைகளை இறுக்கி மூடிக்கொள்ளும். கால்களை வயிற்றுப் பக்கம் மடக்கும். வயிறு கெட்டியாகும், காற்றுப் பிரியும். பெரும்பாலும் சாயங்காலமும் முன்னிரவும்தான் இது வரும். மற்ற நேரத்தில் பிள்ளை சாதாரணமாக இருக்கும்.

1954-ல் வெசல் என்ற அமெரிக்க டாக்டர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக் என்றார். இன்றைக்கு டாக்டர்கள் மணிக்கணக்கை அவ்வளவு பார்ப்பதில்லை. ஆனால் ஞாபகம் வைத்துக்கொள்ள இந்த மூன்று, மூன்று, மூன்று சுலபம்.

இன்னொரு கணக்குதான் நமக்கு ரொம்ப முக்கியம். இந்த அழுகை பிறந்து இரண்டு வாரம் வாக்கில் தொடங்கும். ஆறாவது வாரம் வாக்கில் உச்சத்துக்குப் போகும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். மூன்று, நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ஏறக்குறைய ஐந்தில் ஒரு குழந்தைக்கு இது வருகிறது. ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும்.

அன்றைய கூட்டத்தில் நாங்கள் இதைச் சொன்னதும் ஒரு மூத்த உறுப்பினர், "எம் மூத்தவனும் இப்படித்தான் அழுதான். நாலாம் மாசம் தானா நின்னுச்சு" என்றார். "வேற யார் வீட்டுல இப்படி?" என்று கேட்டோம். பதினான்கு பேரில் ஐந்து பேர் கை தூக்கினார்கள். அந்தத் தங்கச்சி திரும்பிப் பார்த்து, "யாருமே எங்கிட்ட சொல்லலியேக்கா" என்றார்.

ஏன் வருகிறது?

இன்ன காரணம்தான் என்று மருத்துவம் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. குடல் இன்னும் பழகாதது, அழும்போது விழுங்கும் காற்று, குடலில் உள்ள நுண்கிருமிகள், வெளிச்சமும் சத்தமும் பழகாமல் நாள் முடிவில் பிள்ளை களைத்துப்போவது என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஒன்று மட்டும் நிச்சயம். இது தாயின் குற்றம் இல்லை. "உன் பால் சரியில்லை", "உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியலை" என்று சொல்வது தவறு.

முதலில் பார்க்க வேண்டியவை

பிள்ளை அழுததும் "கோலிக்தான்" என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. பசிக்கிறதா? சின்னக் குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும்.
2. துணி ஈரமா? புண், தடிப்பு ஏதும் இருக்கிறதா?
3. வெயில் காலத்தில் நிறையத் துணி சுற்றிப் புழுங்குகிறதா? குளிர்கிறதா?
4. எறும்பு, கொசு கடித்திருக்கிறதா? அரைஞாண் கயிறு, காப்பு, வளையல் இறுக்குகிறதா?
5. கால் விரல், கை விரலில் முடியோ நூலோ சுற்றி வீங்கியிருக்கிறதா? இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பாருங்கள். ஆண் குழந்தைக்குக் குறியையும் பாருங்கள்.
6. உடம்பு சுடுகிறதா?

எல்லாம் சரியாக இருந்தும் அழுகிறது என்றால் அடுத்ததற்குப் போவோம்.

சமாதானப்படுத்தும் வழிகள்

ஒரே வழி எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. ஒன்றைச் செய்தால் ஐந்து, பத்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். நொடிக்கொரு தரம் மாற்றினால் பிள்ளை இன்னும் மிரளும்.

நெஞ்சோடு அணைத்தல்: பிள்ளையின் மேல்துணியை எடுத்துவிட்டு, தாயின் நெஞ்சில் தோலோடு தோல் படும்படி போட்டுக்கொள்ளுங்கள். மேலே சேலையால் மூடுங்கள். மூக்கும் வாயும் மூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவும் பாட்டியும்கூட இப்படி அணைக்கலாம்.

தூக்கி நடத்தல்: "தூக்கித் தூக்கிக் கெட்டுப்போச்சு" என்பார்கள். மூன்று மாதத்துக்குள் இருக்கும் பிள்ளை தூக்குவதால் கெட்டுப்போகாது. அழும் நேரத்துக்கு முன்பே தூக்கி வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

முழங்கையில் குப்புறப் போடுதல்: பிள்ளையின் வயிறு உங்கள் முன்கையில் படும்படி, தலை முழங்கை மடிப்பில் இருக்கும்படி படுக்க வைத்து, மறு கையால் முதுகைத் தடவுங்கள். மடியில் குப்புறப் போட்டும் தடவலாம். தூங்கிவிட்டால் மல்லாக்கப் படுக்க வையுங்கள். குப்புறத் தூங்க விடக் கூடாது.

வயிறு தடவுதல்: கையில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றி கடிகார முள் போகும் பக்கமாக மெதுவாகத் தடவுங்கள். இரண்டு கால்களையும் சைக்கிள் மிதிப்பதுபோல் மெல்ல அசையுங்கள். பால் குடித்த உடனே செய்ய வேண்டாம். வயிற்றை அமுக்கவும் வேண்டாம்.

சத்தமும் ஆட்டமும்: காதருகே "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாகச் சொல்வது, தாலாட்டுப் பாடுவது, தூளியில் போட்டு மெல்ல ஆட்டுவது எல்லாம் உதவும். தூளியை வேகமாக வீசி ஆட்டக் கூடாது. பெரிய பிள்ளைகள் கையில் ஆட்ட விடவும் கூடாது. தூளியில் போட்டால் பக்கத்தில் ஒரு ஆள் இருந்து முகத்தைப் பார்க்க வேண்டும். தூங்கியதும் பாயில் மல்லாக்கப் படுக்க வைப்பது நல்லது.

ஆட்களையும் வெளிச்சத்தையும் குறைத்தல்: அழும் பிள்ளையைச் சுற்றி பத்துப் பேர் நின்றால் அழுகை கூடத்தான் செய்யும். டிவியை நிறுத்துங்கள். விளக்கைக் குறையுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு கழுவினாலும் சில பிள்ளைகள் அமைதியாகும்.

பால் கொடுக்கும் விதம்: காம்பு மட்டும் இல்லாமல், சுற்றியுள்ள கறுப்புப் பகுதியும் பிள்ளை வாய்க்குள் போக வேண்டும். அப்போது காற்று விழுங்குவது குறையும். ஒரு பக்கம் முழுவதும் குடித்து முடித்த பிறகு மறு பக்கம் கொடுங்கள். பிறகு தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் விட வையுங்கள்.

இவ்வளவும் செய்தும் அழுகை நிற்காமல் போகலாம். அது உங்கள் தோல்வி இல்லை. உங்கள் கையில் இருக்கிறோம் என்ற தைரியமாவது அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கிறது.

செய்யக் கூடாதவை

பெரியவர்கள் பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனாலும் சிலவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

* தொண்டையில் விரல் விட்டுக் கோழை எடுப்பது, குழல் வைத்து ஊதித் தொக்கம் எடுப்பது வேண்டாம். தொண்டையில் புண் ஆகும், கிருமி தொற்றும்.
* மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிவிடும்.
* வயிற்றில் சூடு போடவே கூடாது.
* வசம்பு, ஜாதிக்காய் உரசி வாயில் ஊற்ற வேண்டாம். "உரை மருந்து குடுத்தேன், நல்லாத் தூங்குது" என்போம். ஜாதிக்காய் அதிகமானால் வருவது மயக்கம், தூக்கம் இல்லை. உரசும்போது எவ்வளவு போகிறது என்ற அளவும் நமக்குத் தெரியாது.
* கற்பூரம் கலந்த எண்ணெயைத் தடவக் கூடாது. கற்பூரம் உடம்புக்குள் போனால் கைக்குழந்தைக்கு வலிப்பு வரலாம்.
* ஒரு வயது ஆகும்வரை தேன் வேண்டாம்.
* சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், பெருங்காயத் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூடத் தேவையில்லை.
* மெடிக்கலில் "வயித்து வலிக்கு ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதீர்கள். டைசைக்ளோமின் என்ற மருந்தை ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது. மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு.

"அப்படியானா எங்க வீட்டுல அந்த மருந்து குடுத்ததும் நின்னுச்சே?" என்று கேட்பீர்கள். மூன்றாம் மாதத்தில் தானாக நிற்கப் போகிற அழுகை இது. நாம் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே வருகிறோம். நிற்கிற நேரத்தில் கடைசியாக யாரிடம் போனோமோ, அவருக்குப் பேர் கிடைக்கிறது. அதற்கு முன் செய்த செலவு நம் கணக்கில் நிற்கிறது.

ஊசியால் அழுகிறதா?

முக்கியமான தடுப்பூசி போடும் நாள் ஆறாவது வாரம். இந்த அழுகை உச்சத்துக்கு வருவதும் அதே ஆறாவது வாரம். அதனால் "ஊசி போட்டதுல இருந்துதான் அழுவுது" என்று நினைத்து, பத்தாவது வார ஊசிக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் வலியும் இருக்கலாம். அதற்குச் செவிலியர் சொல்லும் அளவில் மருந்து கொடுத்தால் போதும். வாரக்கணக்கில் அந்தி நேரத்தில் மட்டும் வரும் அழுகைக்கு ஊசி காரணம் இல்லை. தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

உறுப்பினர்கள் கேட்ட கேள்விகள்

*பால் பத்தாமல் அழுகிறதோ?*
ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் சிறுநீர் போனால், எடை நாளுக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். சந்தேகம் இருந்தால் அங்கன்வாடியில் எடை போடுங்கள். தராசு சொல்வதை நம்புங்கள். டப்பா பாலுக்கு மாறினால் தாய்ப்பால் குறைந்துவிடும். செலவும் ஏறும். புட்டி சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கும் வரும்.

*தாய் பருப்பு, கிழங்கு சாப்பிட்டால் பிள்ளைக்கு வாயு பிடிக்குமா?*
தாயின் வயிற்றில் உள்ள வாயு பாலில் போகாது. பத்தியம் என்று சொல்லி, பாலூட்டும் தாயைப் பட்டினி போடக் கூடாது. பருப்பு, கீரை, முட்டை, மீன் எல்லாம் அவருக்கு வேண்டும். சில பிள்ளைகளுக்கு மாட்டுப்பால் ஒவ்வாமை இருக்கலாம். மலத்தில் ரத்தம், உடம்பில் தடிப்பு என்று அதற்கு வேறு அறிகுறிகளும் தெரியும். அப்போது டாக்டர் சொன்னால் மட்டும் தாய் சில நாள் பாலை நிறுத்திப் பார்க்கலாம்.

*கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?*
1851-ல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் செய்தது அது. முதலில் அதில் சாராயமும் சர்க்கரையும் இருந்தன. பிறகு சாராயத்தை எடுத்துவிட்டார்கள். கோலிக் அழுகையை அது குறைக்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அது தேவையில்லை.

உலுக்கவே கூடாது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

கைக்குழந்தைக்குக் கழுத்து நிற்காது. உடம்போடு பார்த்தால் தலை கனம் அதிகம். கோபத்தில் பிடித்து உலுக்கினால், மண்டைக்குள் மூளை முன்னும் பின்னும் மோதி ரத்தம் கசியும். கண் பார்வை போகலாம், வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அதற்குச் சில நொடி போதும். வெளியில் காயம்கூடத் தெரியாது.

மணிக்கணக்கில் அழுகையைக் கேட்டால் யாருக்கும் ஆத்திரம் வரும். அது வருவதால் நாம் கெட்ட தாய் ஆகிவிட மாட்டோம். வரும்போது என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணை, துணி எதுவும் வேண்டாம். வாசலுக்குப் போங்கள். முகம் கழுவுங்கள், ஒரு சொம்புத் தண்ணீர் குடியுங்கள், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம் கழித்து வந்து பாருங்கள். பத்து நிமிடம் தனியாக அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் இருக்கும் கையில்தான் ஆபத்து.

இதை வீட்டு ஆண்களுக்கும் படித்துக் காட்டுங்கள். வேலை முடிந்து களைத்து வரும் நேரமும் பிள்ளை அழும் நேரமும் ஒன்றுதான். குடித்துவிட்டு வருபவர் கையில் அந்த நேரம் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம்.

தாயைப் பார்ப்பது யார்?

பிள்ளை அழுதால் வீடே கூடுகிறது. தாய் அழுதால் யாரும் பார்ப்பதில்லை. பிரசவம் முடிந்த உடம்பு, சரியான தூக்கம் இல்லை, அதோடு ஏச்சும் பேச்சும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு சோர்ந்தே இருந்தால், பிள்ளை மேல் பிடிப்பே வரவில்லை என்றால், தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாமா என்ற எண்ணம் வந்தால் அது நோய். அதற்கு மருத்துவம் உண்டு. கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். தமிழிலேயே பேசலாம். 2022-லிருந்து இது செயல்படுகிறது.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அறிகுறிகள்

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்யுங்கள்.

* காய்ச்சல் (மூன்று மாதத்துக்குள் எந்தக் காய்ச்சலும் அவசரம்தான்), அல்லது உடம்பு ஜில்லிட்டுப் போதல்
* பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், எழுப்பினாலும் எழாமை
* பச்சை நிறத்தில் வாந்தி, திரும்பத் திரும்பப் பீறிட்டு வரும் வாந்தி
* மலத்தில் ரத்தம், சளி
* வயிறு உப்பி, தொட விடாமல் அழுதல்
* தொடை இடுக்கிலோ விதையிலோ வீக்கம்
* நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், உதடு நீலமாதல்
* வலிப்பு, உச்சிக்குழி புடைத்தல்
* அழுகைச் சத்தமே மாறிப்போதல், கீழே விழுந்த பிறகு அழுதல்

நான்கு மாதம் தாண்டிப் புதிதாக இப்படி அழ ஆரம்பித்தாலும், எடை ஏறாமல் இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

குழுவாக என்ன செய்யலாம்?

அந்தக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கடனை மறுக்கவில்லை. "முதல்ல பிள்ளைய எடை போட்டுப் பார்ப்போம், நர்ஸம்மா பார்க்கட்டும். வேணும்னு சொன்னா நாளைக்கே பணம் தர்றோம்" என்று தீர்மானம் எழுதினார்கள். மறுநாள் செவிலியர் பார்த்தார். பிறக்கும்போது 2.8 கிலோ இருந்த பிள்ளை 3.7 கிலோ இருந்தது. "பால் நல்லாவே சேர்ந்திருக்கு" என்று மாமியார் முன்னாலேயே சொன்னார்.

பக்கத்துத் தெருவில் உள்ள மூன்று உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். தினம் ஒருவர், சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு மணி வரை பிள்ளையைத் தூக்கி நடப்பது. அந்த ஒரு மணி நேரத்தில் தாய் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வார். மாமியாரும் முறையில் சேர்ந்துகொண்டார். அழுகை உடனே நிற்கவில்லை. பத்து வாரம் வரை இருந்தது, பிறகு குறைந்தது.

உங்கள் குழுவிலும் இதைச் செய்யலாம். கைக்குழந்தை உள்ள உறுப்பினர் யார் என்று பாருங்கள். கூட்டத்துக்கு வரவில்லை என்று அபராதம் எழுதும் முன் வீட்டுக்குப் போய் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். அடுத்த கூட்டத்தில் இந்த மூன்றையும் பேசுங்கள்:

1. நம் ஊரில் பிள்ளை அழுதால் என்னென்ன செய்கிறோம்? அதில் எதை விட வேண்டும், எதை வைத்துக்கொள்ள வேண்டும்?
2. இப்போது உதவி தேவைப்படும் தாய் யார்? யார் எந்த நாள் போவது?
3. செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் போன் நம்பர் எல்லோரிடமும் இருக்கிறதா?

போன வாரம் அந்த வீட்டுக்குப் போனோம். பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. எங்களைப் பார்த்ததும் பொக்கை வாய் திறந்து சிரித்தது. கேட்ட மூவாயிரத்தை அந்தத் தங்கச்சி வாங்கவே இல்லை. இப்போது ஆடு வாங்க உள்கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.